தெரிந்தேதான் அழித்தேன்

தாயி,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று அச்சாகி வந்துவிட்டது. உன் அப்பா அருப்புக்கோட்டையிலிருந்து கட்டோடு தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவலாம் என்று உட்கார்ந்தவள், முதல் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் உன் பெயரைத் தேடவில்லை. மாப்பிள்ளை பெயரையும் தேடவில்லை. பாலவனத்தத்துச் சம்பந்தியம்மா பெயரைத்தான் தேடினேன். அவர் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பி.எட்., என்று புள்ளியும் கமாவுமாக ஓர் ஊர்வலமே போகிறது. உனக்கு எம்.ஏ. இருக்கிறது, மாப்பிள்ளைக்கு பி.இ. இருக்கிறது. உன் அப்பா பெயருக்குக் கீழேகூட விவசாயம் என்று போட்டிருக்கிறார்கள். என் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கிறது. பத்திரிகை அடிப்பதற்குள் பரீட்சை முடிவு வந்துவிடும், என் பெயருக்குப் பின்னாலும் பி.ஏ. என்று போட்டுவிடலாம் என்று நிச்சயம் ஆன நாளிலிருந்து நான் மனக்கோட்டை கட்டியது உனக்குத் தெரியும். முடிவு வரவில்லை, பத்திரிகை வந்துவிட்டது. வயிறு எரிந்தது. பெண்ணைப் பெற்றவளுக்குக் கல்யாண நேரத்தில் வயிறு எரியலாமா என்று கேட்பாய். எரிந்ததே, என்ன செய்ய?

நீ மதுரை ஹாஸ்டலிலிருந்து வர இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தை எழுதி வைத்துவிட வேண்டும். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, வந்தாலும் பாதியில் உன்னையே திட்டி முடித்துவிடுவேன். புரட்டாசி மாதம் உன் தடித்த ஸ்பைரல் புத்தகத்தில், பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் நீ பென்சிலால் எழுதி வைத்திருந்ததை நான் ரப்பரால் அழித்துவிட்டேன் அல்லவா? லைப்ரரி புத்தகம் என்று நினைத்து அழித்ததாகச் சொன்னேன். நீயும் நம்பினாய். அது பொய். தெரிந்தேதான் அழித்தேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் உன் மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சொல்ல வேண்டும். இருந்த என்று எழுதிவிட்டேன், இன்னும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் எப்படிப் படித்தவள் என்று பரளச்சி பக்கம் என்னோடு படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். ஒரு பாடத்தை மூன்று தடவை சத்தம் போட்டு வாசித்தால் போதும், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒப்பிப்பேன். வாத்தியார் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டி வந்து வேடிக்கை காட்டுவார். அப்படிப்பட்டவளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். நீ எம்.ஏ. சேர்ந்த வருடம் நானும் அஞ்சல் வழியில் பி.ஏ. பொருளியல் சேர்ந்தேன். ஊரில் சிரித்தார்கள். உன் சித்தப்பா, "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று என் காதில் விழும்படியே சொன்னார். சொல்லட்டும் என்று கொத்தமல்லிக் காட்டில் களை எடுத்துக்கொண்டே சத்தமாகப் படித்து, எல்லாப் பேப்பரிலும் தேறினேன். வேளாண்மைப் பொருளியல் என்கிற ஒரே ஒரு பேப்பர்தான் காலை வாரியது. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பிறந்ததிலிருந்து காட்டு வேலை பார்க்கிறவள் வேளாண்மையில் பெயில் ஆனாள் என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த நேரத்தில்தான் நீ ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்ந்து, சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து என் எதிரிலேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாய். நீ படித்ததைப் பார்த்தபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. மானாவாரி விவசாயத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள். ஒரு கட்டுரையை எடுத்ததும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாய். "என்னத்தா, கதையா படிக்கிற, முடிவ மொதல்ல பாக்க?" என்று கேட்டேன். "இவரு எங்க போய் நிக்கப் போறாருன்னு தெரிஞ்சாத்தாம்மா, வழியில எதுக்கு எதச் சொல்றாருன்னு பிடிபடும்" என்றாய். பிறகு நடுவில் இருக்கிற சின்னத் தலைப்புகளை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் கேள்வியாக மாற்றி ஓரத்தில் எழுதுவாய். அதற்குப் பிறகுதான் படிக்கவே தொடங்குவாய். படிக்கிறபோதும் பென்சில் சும்மா இருக்காது. இது புரியவில்லை, இதற்கு ஆதாரம் எங்கே, இதைத்தானே போன பக்கத்தில் மாற்றிச் சொன்னார் என்று புத்தகத்தோடு வாயாடிக்கொண்டே இருப்பாய். கடைசியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததை உன் சொந்தப் பேச்சில் சுவரைப் பார்த்துச் சொல்வாய். சொல்ல வராத இடத்துக்கு மறுபடி திரும்பிப் போவாய். மாடு அசை போடுகிற மாதிரி ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் நான் பதினைந்து பக்கம் ஒப்பித்துவிடுவேன்.

ஆனால் நீ பாஸ் ஆனாய், நான் பெயில் ஆனேன். அதுதான் முள்ளாகக் குத்தியது. அதைவிட, படிக்கும்போது நீ சிரித்தாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தன்னால் சிரிக்கிற அளவுக்கு அதற்குள் என்னதான் இருக்கிறது? எனக்கு ஒரு நாளும் எந்தப் பாடமும் சிரிப்பு மூட்டியதில்லை. நீ என்னிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாய். "அம்மா, நீயும் பென்சில எடு. கேள்வி என்ன கேக்குதுன்னு பாக்காம முழுப் பாடத்தையும் எழுதி வச்சா மார்க்கு எப்படிப் போடுவாக?" என்றாய். நீ சொன்னது நியாயம். போன பரீட்சையில் நான் அப்படித்தான் செய்திருந்தேன். ஒரு கருத்தை ஆதரித்தும் மறுத்தும் எழுதச் சொல்லியிருந்த கேள்விக்கு, மூன்றாம் பாடத்தை முதல் வரியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அது எனக்கும் தெரிந்திருந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. "என் வயித்துல பொறந்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா? புத்தகத்துல கிறுக்குறது என்ன பழக்கம்?" என்று கத்தினேன்.

கிறுக்கக் கூடாது என்பது நான் பிறந்த வீட்டுச் சட்டம், உனக்கும் தெரியும். என் பாடப் புத்தகம் அடுத்த வருடம் என் பெரியப்பா மகளுக்குப் போக வேண்டும். அவளுக்குப் பிறகு அவள் தம்பிக்கு. காக்கி அட்டை போட்டு, காது மடங்காமல், ஒரு பொட்டு மை படாமல் கொடுக்க வேண்டும். நான் ஒரு தடவை என் பெயரை உள் அட்டையில் எழுதியதற்கு உச்சந்தலையில் வாங்கிய குட்டு இன்னும் வலிக்கிறது. புத்தகம் நம்முடையது அல்ல, கொஞ்ச நாள் நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று பழகிவிட்டோம். அடுத்தவள் பொருளில் எப்படிக் கை வைப்பது? கை வைக்காமல், கேள்வி கேட்காமல், அப்படியே விழுங்கி அப்படியே கக்கினோம். அதையே நான் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். நிச்சயம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் அழித்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று, அவரோடு அரை மணி நேரம் போனில் பேசினாய். நான் உள்ளே துவரையைப் புடைத்துக்கொண்டிருந்தேன். "அத்த, அந்தக் கட்டுரையப் படிச்சீங்களா? நீங்க என்ன நெனைக்கிறீங்க? ஐயோ, நானும் அதத்தான் ஓரத்துல எழுதியிருக்கேன்!" என்று நீ சிரித்த சிரிப்பு வீட்டுக்குள் வரை கேட்டது. என்னிடம் ஒரு நாளாவது நீ என்ன நினைக்கிறாய் அம்மா என்று கேட்டாயா? கேட்டிருந்தாலும் நான் எரிந்து விழுந்திருப்பேன் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. பெற்று வளர்த்தவள் இங்கே முறத்தோடு உட்கார்ந்திருக்க, நேற்று வந்த மகராசி உன்னோடு புத்தகம் பேசுகிறாள் என்று மட்டும்தான் தோன்றியது.

போனை வைத்ததும் நீ அப்பாவோடு ஜாக்கெட் அளவு கொடுக்க அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாய். புத்தகம் கட்டில் மேல் கிடந்தது. திங்கட்கிழமை மதுரையில் உன் துறையில் எல்லார் முன்னாலும் அதைப் பற்றி நீ பேச வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். என் பரீட்சை டப்பாவிலிருந்து ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட உன் சொந்தப் புத்தகம் என்று தெரியாத முட்டாளா நான்? ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். அந்தப் பக்கங்களில் என்னால் சரளமாக வாசிக்க முடிந்தது நீ தமிழில் எழுதியிருந்த பென்சில் வரிகளை மட்டும்தான். அதையும் வாசிக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். உன் அறிவை நான் ஏன் வாசிக்க வேண்டும்? பார்வையை வேண்டுமென்றே மங்க வைத்துக்கொண்டு பரபரவென்று தேய்த்தேன். முதல் பக்கத்தில் வாசலைப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். பத்தாம் பக்கத்துக்கு மேல் ஒரு நிம்மதி வந்தது தாயி, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மடியெல்லாம் ரப்பர் தூள்.

நாற்பது பக்கம் தாண்டியிருப்பேன். பார்க்கக் கூடாது என்று இருந்தாலும் சொந்தப் பெயர் கண்ணில் பட்டுவிடும் அல்லவா? ஓரத்தில் 'அம்மா' என்று இருந்தது. ரப்பரை நிறுத்திவிட்டு வாசித்தேன். "மழைக்கு முன்னாடி வெதைக்கிறதச் சூதாட்டம்னு சொல்றாரு இவரு. அம்மாட்ட கேக்கணும். கேட்டாச் சிரிக்கும்." அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "பருத்திக்குள்ள உளுந்து எதுக்கு? அம்மாட்ட கேக்கணும்." அதற்கடுத்த பக்கங்களில் இன்னும் ஐந்து இடம். அதற்கு மேல் ரப்பரைத் தொடவில்லை. அழித்த பக்கங்களுக்கு ஓடினேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுந்திய தடம் லேசாகத் தெரிந்தது. இரண்டு இடத்தில் 'அம்மா' என்று தெரிந்த மாதிரி இருந்தது. அழித்த மற்றப் பக்கங்களில் எத்தனை தடவை என்னைக் கூப்பிட்டிருந்தாயோ, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

நீ வந்து புத்தகத்தைத் திறந்தாய். பக்கம் பக்கமாகத் தள்ளினாய். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "லைப்ரரி புத்தகம்னு நெனச்சேன் தாயி. ஃபைன் போட்டுருவாகன்னு அழிச்சு வச்சேன்." உன் கண்ணில் தண்ணீர் நின்றது. அழுது சண்டை போட்டிருந்தால்கூட நான் எப்படியோ சமாளித்திருப்பேன். நீயோ என் தோளைத் தொட்டு, "பரவால்லம்மா. ஒனக்குத் தெரியாதுல்ல" என்றாய்.

தெரியாதுல்ல. அந்த வார்த்தையை நான் இன்றைக்கு வரை மென்றுகொண்டிருக்கிறேன். தெரியாதவள் என்கிற பெயரை அழிக்கத்தானே களைக்கொத்தும் கையுமாக இத்தனை வருடம் படித்தேன்? அன்றைக்கு மாட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தப் பெயருக்குள்ளேயே ஓடிப்போய் ஒளிந்துகொண்டேன். நீயும் பாவம், கதவைச் சாத்திக் கொடுத்தாய்.

அதைவிடப் பெரிய பாவம் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. விடிந்ததிலிருந்து நீ மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாய், சோறு தண்ணி இல்லாமல். என்னிடம் எதையும் கேட்க உனக்கு நேரமில்லை. நீ கேட்க நினைத்த கேள்வி எனக்குத் தெரியும். பதிலும் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால், ஓரத்தை வாசித்தது வெளியே வந்துவிடும். வாயை மூடிக்கொண்டு குழம்பைக் கிண்டினேன். திங்கட்கிழமை சாயங்காலம் போனில் கேட்டபோது, "சுமாராப் போச்சும்மா. மழைக்கு முன்னாடி எதுக்கு வெதைக்கிறாகன்னு ஒருத்தரு கேட்டாரு. எனக்குச் சரியாச் சொல்ல வரல" என்றாய். அப்போதும் நான், "சரி, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

நான் மாறினேன் என்று பெருமை அடிக்க இதை எழுதவில்லை. அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் பழைய பென்சில் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு என் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். மூன்று நாள் கை வரவில்லை, யாரோ பின்னாலிருந்து குட்டப் போகிற மாதிரியே இருந்தது. நாலாவது நாள் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டேன். நீ செய்கிற மாதிரியே கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், தலைப்பைக் கேள்வியாக்கினேன். யாருக்கும் தெரியாமல்தான், உன்னைக் காப்பியடிப்பது தெரிந்தால் அது வேறு மானக்கேடு. மூன்றாம் பாடத்தில், "பருவமழைக்கு முந்தைய விதைப்பு, மானாவாரி உழவர்களின் இடர் மேலாண்மை உத்திகளுள் ஒன்றாகும்" என்று ஒரு வரி. இரண்டு பரீட்சையிலும் நான் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டு வந்த வரி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதை என் பேச்சில் சொல்லிப் பார்த்தேன். வாய் வரவில்லை. மறுபடி திறந்தேன். மறுபடி மூடினேன். மூன்றாவது தடவை சொல்லும்போது, அடப்பாவி, இது நம்ம புழுதி வெதைப்பாச்சே! புரட்டாசிக்குப் புரட்டாசி என் கையால் செய்கிற வேலையை, என்னுடையது என்றே தெரியாமல் இரண்டு வருடம் ஒப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தாயி, நானும் புத்தகத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். அதே பாடத்தில் நம்மை மாதிரி ஆட்கள் அறியாமையால் பல பயிரைக் கலந்து விதைக்கிறார்கள் என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில், தாள் கிழியும்படி 'பொய்' என்று எழுதினேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, என்ன, புத்தகத்தோட சண்டையா?" என்றார். "ஆமா, ஒங்களோட போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு" என்றேன்.

மார்கழியில் மூன்றாவது தடவையாக அந்தப் பேப்பரை எழுதினேன். கேள்வியை நான்கு தடவை வாசித்துவிட்டு, கேட்டதற்கு மட்டும், என் சொந்த வார்த்தையில் எழுதினேன். மற்ற எல்லாரும் கூடுதல் தாள் வாங்கினார்கள், நான் வாங்கவில்லை. பாஸா பெயிலா தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

போன தடவை வந்தபோது நீ வீட்டில் விட்டுப்போன ஸ்பைரல் புத்தகத்தில் தப்பிப் பிழைத்த அந்த ஏழு கேள்விக்கும், ஒவ்வொன்றின் கீழேயும் பென்சிலால் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதிலை இங்கேயும் எழுதுகிறேன், நான்கு மாதம் தாமதமாக. அது சூதாட்டம் இல்லை. கரிசல் மண் நனைந்துவிட்டால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, முழங்கால் வரை ஒட்டிக்கொள்ளும். ஏர் இறங்குகிற பதத்துக்குக் காய்வதற்குள் மேல் ஈரம் போய்விடும். அதனால்தான் புழுதியாக இருக்கும்போதே விதைக்கிறோம். அதுவும் கொஞ்சம் ஆழமாகப் போடுவோம். சும்மா ஒரு தூறலுக்கு ஏமாந்து முளைத்துக் கருகிவிடாமல், நல்ல மழை இறங்கினால் மட்டும் முளைக்கட்டும் என்று. அப்படியும் பொய்த்தால் மறுபடி விதைக்க வீட்டில் கொஞ்சம் விதை வைத்திருப்போம். இதை எழுதியவர் ஒரு புரட்டாசியில் வந்து என்னோடு காட்டில் நிற்கட்டும். அழிந்துபோன கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. அதை நீதான் மறுபடி கேட்க வேண்டும், கேட்க மனம் இருந்தால்.

இன்னும் சில நாளில் நீ பாலவனத்தத்துக்குப் போய்விடுவாய். அங்கே இரண்டு நாற்காலி போட்டு, மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு பென்சிலோடு உட்காருவீர்கள். நினைத்தாலே எனக்கு இப்போதே பற்றிக்கொண்டு வருகிறது. அவர் நல்லவர், எனக்கும் தெரியும், அதனால்தான் இன்னும் எரிகிறது. எம்.ஏ., பி.எட். சொல்லிவிட்டார் என்று எதற்கும் உடனே தலையாட்டாதே, அங்கேயும் ஓரத்தில் ஒரு கேள்வி போட்டு வை. வரதட்சணை, நகை, சாமான் சட்டி எதிலும் நான் அவரோடு போட்டி போடவில்லை. ஒரே ஒரு இடத்தைத்தான் கேட்கிறேன். புரியாத இடத்தில் எல்லாம் அத்தையிடம் கேட்க வேண்டும் என்று எழுதிக்கொள், சரி. ஆனால் புழுதி என்றோ, கரிசல் என்றோ, மழை என்றோ வருகிற இடத்தில் மட்டும் என்னைக் கேட்க வேண்டும் என்று எழுது. நான் அழித்தவள் என்று தெரிந்த பிறகும் எழுத உனக்கு மனம் வந்தால், பேனாவால் எழுது.

உன் அம்மா